இடதுகைக்காரியின் மேசையில் ஒரு புத்தகக் கட்டு வகுப்பு

பத்து வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன், இடது கையால். சுருள் கம்பி போட்ட நோட்டில் வலதுபக்கத் தாளுக்கு வந்துவிட்டால் என் மணிக்கட்டு கம்பியின் மேல்தான் உட்காரும். அரைப் பக்கம் தாண்டுவதற்குள் தோலில் வரிவரியாகப் பதிந்துவிடும். முதுகில் வெறும் பசை தடவிய நோட்டு என்றால் நடுவில் மேடு கட்டி நிற்கும். அழுத்தித் திறந்தால் முதுகு வெடித்துத் தாள் கையோடு வந்துவிடும். தட்டையாகத் திறந்து மேசையில் படுத்துக்கொள்கிற நோட்டு ஒன்று வேண்டும், அதை நானே தைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசையில்தான் இணையவழிப் புத்தகக் கட்டு வகுப்பில் சேர்ந்தேன். எட்டு வாரம் முடிந்துவிட்டது. நான்கு நோட்டுகள் கையில் இருக்கின்றன. சேரலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். குறைகளும் சொல்லப் போவதால் நடத்துகிறவர்களின் பெயரைத் தவிர்த்துவிட்டேன்.

ஏற்பாடு இப்படி: தபாலில் ஒரு பெட்டி வரும். வாரத்துக்கு ஒரு பதிவு செய்த பாடம். வாரக் கடைசியில் ஒரு மணி நேரம் நேரலை. அதில் எல்லோரும் கேமராவைத் தங்கள் முகத்துக்கு அல்ல, மேசைக்குத் திருப்பி வைக்க வேண்டும். எட்டாவது வாரம் பாடமே கிடையாது. கற்றதை வேறு ஒருவருக்குக் கற்றுக்கொடுத்து, அவர் செய்த நோட்டின் படத்தை அனுப்ப வேண்டும். சேரும்போது இந்தக் கடைசி நிபந்தனையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் பெட்டி. ஊசிகள் நன்றாக இருந்தன. நுனி மழுங்கிய இரண்டு நேர் ஊசி, ஒரு வளைந்த ஊசி. மழுங்கிய ஊசி ஏன் என்று எனக்கும் முதலில் புரியவில்லை. துளையைக் குத்தூசியால் முன்கூட்டியே போட்டுவிடுகிறோம் அல்லவா, அதன் பிறகு ஊசியின் வேலை நூலைக் கொண்டுபோவது மட்டும்தான். கூரான ஊசி புதிதாகத் துளை போட்டுக்கொண்டே போகும், ஏற்கெனவே போன நூலையும் குத்திப் பிளக்கும். தேன்மெழுகுக் கட்டி ஒன்று இருந்தது, மூன்று நோட்டுக்குப் பிறகும் பாதிகூடக் கரையவில்லை. நூலை அதன்மேல் இரண்டு முறை இழுத்தால் சிக்கு விழாது, போட்ட முடிச்சும் நழுவாது.

மடிப்பைத் தேய்க்க ஓர் எலும்புத் தகடு கொடுத்திருந்தார்கள், உண்மையான எலும்பு. அதைக் கையில் பிடித்த நொடியிலேயே பிடித்துப்போனது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: தாள்மேல் நேரடியாகத் தேய்த்தால் அந்த இடம் பளபளத்துவிடும். நடுவில் ஒரு துண்டுக் காகிதம் வைத்துத் தேய்க்கவேண்டும். கையேட்டில் இது இல்லை, நேரலையில் ஒருவர் கேட்டதால்தான் தெரிந்தது.

கத்தியும் அளவுகோலும் சரியில்லை. கத்தியின் பூட்டு தளர்வானது, அழுத்தினால் தகடு உள்ளே போகிறது. 2 மில்லிமீட்டர் அட்டையை அதை வைத்து வெட்டுவது ஆபத்து. அளவுகோல் பிளாஸ்டிக். கத்தி அதன் ஓரத்தையே சீவிவிட்டது, இரண்டாவது வாரத்திலேயே கோடு கோணல். இந்த இரண்டையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, நல்ல பூட்டுள்ள கத்தியும் எஃகு அளவுகோலும் வாங்கிக்கொள்ளுங்கள். அட்டையை ஒரே இழுப்பில் வெட்டப் பார்க்கக் கூடாது. நின்றுகொண்டு, லேசாக, எட்டுப் பத்து முறை அதே கோட்டில் இழுக்க வேண்டும். கடைசி இழுப்பில் தானாக விட்டுக்கொடுக்கும்.

நூலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெட்டியில் வந்தது 18/3 லினன் நூல். முதல் எண் நூலின் கனத்தைக் குறிப்பது, எண் கூடக்கூட நூல் மெல்லியது. இரண்டாவது எண் எத்தனை புரி என்பது. 18/3 தடிமனானது, பார்க்க அழகு. ஆனால் மெல்லிய தாளில் எட்டுப் பாரம் (சேர்த்து மடித்த தாள்கட்டு ஒவ்வொன்றும் ஒரு பாரம்) தைத்தால் நூலின் கனமெல்லாம் முதுகில் சேர்ந்து, முதுகு பருத்து, நோட்டு ஆப்பு மாதிரி ஆகிவிடுகிறது. பின்னால் சொல்லப்போகும் காப்டிக் தையலில் செய்த என் இரண்டாவது நோட்டுக்கு 25/3 வாங்கினேன். அது சரியாக அமைந்தது.

இனி பாடங்கள். முதல் பாடம் மடிப்பதும் வெட்டுவதும். இரண்டாவது பாடம் மூன்று துளைத் தையல்: நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே வந்து, மேல்துளை வழியே உள்ளே போய், கீழ்த்துளை வழியே வெளியே வந்து, மறுபடி நடுத்துளையில் உள்ளே நுழைந்து, நடுவில் ஓடும் நீள நூலுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமுமாக இரு முனைகளையும் விட்டு முடிச்சுப் போடுவது. இருபது நிமிடத்தில் ஒரு சிறு நோட்டு கையில் இருந்தது. புதிதாக வருகிறவரை நிறுத்தி வைக்க இதைவிட நல்ல பாடம் இல்லை. மூன்றாவது, ஜப்பானிய நான்கு துளைத் தையல். முதுகோரமாக மேலிருந்து கீழே குத்தித் தைப்பது என்பதால் தட்டையாகத் திறக்காது. எனக்கு உதவாது, எனவே அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படத் தொகுப்புக்கு நன்றாக இருக்கும்.

நான்காவது பாடத்தில்தான் எனக்கு மனம் உடைந்தது. கெட்டி அட்டை போட்டு, மேலே வண்ணத்தாள் ஒட்டுகிற பாடம். சொன்னபடி எல்லாம் செய்தேன். தூரிகையை நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்தேன். குமிழி வராமல் தேய்த்தேன். மெழுகுத்தாள் இடையில் வைத்து, இரவு முழுவதும் கனமான அகராதிகளுக்கு அடியில் வைத்தேன். காலையில் எடுத்து மேசையில் வைத்தேன். மதியத்துக்குள் அட்டை வில் மாதிரி வளைந்துவிட்டது. கைக்குப் பழக்கம் வரவில்லை என்று நினைத்து, இன்னொன்று செய்தேன். அது வேறு பக்கமாக வளைந்தது. நேரலையில் பார்த்தால் இன்னும் மூன்று பேர் வளைந்த அட்டையைக் கேமராவுக்கு முன் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

விடை ஐந்தாவது பாடத்தில் இருந்தது: தாளின் நார் ஓட்டம். காகித இயந்திரத்தில் கூழ் ஓடிவரும்போது நார்கள் பெரும்பாலும் ஓடுகிற திசையிலேயே படுத்துக்கொள்கின்றன. ஈரம் பட்டால் நார் நீளவாட்டில் அவ்வளவாக மாறாது, குறுக்குவாட்டில்தான் உப்பும். காய்ந்தால் குறுக்குவாட்டில்தான் சுருங்கும். அட்டை ஒரு திசையிலும் மேல்தாள் வேறு திசையிலும் இருந்தால் காயும்போது இரண்டும் இரண்டு பக்கம் இழுக்கும். அட்டை, மேல்தாள், உள்தாள் எல்லாவற்றிலும் நார் ஓட்டம் புத்தகத்தின் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். அதோடு, வெளியே ஒட்டினால் உள்ளேயும் ஒரு தாள் ஒட்ட வேண்டும், இல்லையென்றால் ஒருபக்க இழுப்பிலேயே வளையும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். தாளை வெட்டாமல் நீளவாட்டில் ஒருமுறை, அகலவாட்டில் ஒருமுறை மெல்ல வளைத்து உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். ஒரு வாட்டில் குறைவாக முரண்டும். அந்த வளைவின் மடிப்புக்கோடு எந்தத் திசையோ அதுதான் நார் ஓட்டம். சந்தேகம் இருந்தால் ஓரத்தைக் கிழியுங்கள், நாரோடு போனால் நேராகக் கிழியும், குறுக்கே போனால் பிசிறடிக்கும். அதுவும் போதவில்லையென்றால் ஒரு சிறு சதுரத்தின் ஒருபக்கத்தை மட்டும் நனையுங்கள். அது குழாயாகச் சுருளும், குழாயின் நீளவாக்குதான் நாரின் வாக்கு.

படித்ததும் பெட்டியில் மிச்சமிருந்த அட்டைகளை எடுத்து வளைத்துப் பார்த்தேன். ஒரே அளவுள்ள இரண்டு அட்டையில் ஒன்று நீளவாட்டில் வெட்டியது, இன்னொன்று அகலவாட்டில் வெட்டியது! என் கை அல்ல, அட்டைதான் காரணம். எனக்கு வந்த நிம்மதியும் கோபமும் ஒரே நேரத்தில் வந்தவை. எழுதிக் கேட்டேன். பத்து நாளில் சரியான அட்டைகள் வந்தன, மன்னிப்புக் கடிதமும் வந்தது. அதைப் பாராட்டுகிறேன். ஆனால் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் முதலில் சந்தேகப்படுவது தன் கையைத்தான். பொருள் தவறாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது. நேரலையில் பார்த்த அந்த மூன்று பேரில் ஒருவர் அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை. அது என்னை இன்னும் உறுத்துகிறது.

தாளிலும் இதே சிக்கல் உண்டு, இது எல்லோருக்கும் பயன்படும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். சாதாரணமாகக் கிடைக்கும் ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீட்டர். பெரும்பாலும் நார் 297 பக்கத்துக்கு இணையாக ஓடும். அதைப் பாதியாக மடித்து ஏ5 நோட்டு தைத்தால் மடிப்பு நாருக்குக் குறுக்கே விழுகிறது. மடிப்பு வெடிப்பு விடும், பக்கம் விறைத்து நிற்கும், தட்டையாகப் படுக்காது. நார் நீளவாட்டில் ஓடுகிற ஏ3 தாளை வாங்கிக் குறுக்கே இரண்டாக வெட்டிக்கொண்டால், கிடைக்கிற ஏ4இல் நார் 210 பக்கத்துக்கு இணையாக இருக்கும். இப்போது மடித்தால் நார் முதுகோடு ஓடும். ஒரே தாள், ஒரே கனம், ஒரே தையல். என் முதல் நோட்டையும் மூன்றாவதையும் பக்கத்தில் வைத்துத் திறந்தால், ஒன்று வாய் பிளந்து நிற்கிறது, ஒன்று அப்படியே படுத்துக்கொள்கிறது.

ஆறாவது, ஏழாவது பாடங்கள்தான் நான் வந்த காரணம்: காப்டிக் தையல். எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் பயன்படுத்திய முறை என்பதால் இந்தப் பெயர். நான்கு தாளைச் சேர்த்து மடித்தால் 16 பக்கம், அச்சகத்தில் சொல்கிற ஒரு பாரம். இப்படி எட்டுப் பாரம், 128 பக்கம். ஒவ்வொரு பாரத்தையும் தைக்கும்போது ஊசி வெளியே வந்து, கீழே இருக்கும் தையலின் பின்னால் நுழைந்து, மறுபடி அதே துளைக்குள் போகும். முதுகில் சங்கிலி சங்கிலியாக ஏறும். முதுகுக்குப் பசையே கிடையாது, அதனால்தான் முழுதாகத் திறந்து படுக்கிறது. இங்கிலாந்தில் 1104இல் ஒரு துறவியின் சவப்பெட்டியிலிருந்து எடுத்த உள்ளங்கையளவு நற்செய்திப் பிரதி ஒன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது, இதே மாதிரித் தையல்தான், கட்டுக் கலையாமல் இருக்கிறது. ஆசிரியை அதன் படத்தைக் காட்டியபோது, நூலும் துளையும் மட்டும் சரியாக இருந்தால் போதும் என்ற தைரியம் வந்தது.

ஆசிரியையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அவர் தன் தவறுகளைப் பதிவிலிருந்து வெட்டுவதில்லை. ஆறாவது பாடத்தில் ஒரு கண்ணியைத் தவறான இடத்தில் கோத்துவிட்டார். நூலை அறுக்கவில்லை. ஊசியைத் திருப்பி, காதுப் பக்கம் முன்னால் வரும்படி, வந்த வழியே பின்னுக்கு அனுப்பினார். “நுனிப் பக்கமாகத் திரும்பினால் நூலைக் குத்திவிடும், காதுப் பக்கமாகத் திரும்புங்கள்” என்றார். இந்தப் பத்து விநாடி எனக்கு எத்தனை முறை உதவியது என்று எண்ண முடியாது. பிழையே இல்லாத பாடங்களைப் பார்த்துப் பழகியவளுக்கு, பிழை நேர்ந்த பிறகு என்ன செய்வது என்று யாரும் காட்டியதில்லை.

நூலை இழுக்கும் திசையும் அப்படித்தான். கையேடு “நூலை இறுக்கவும்” என்று நிறுத்திவிடுகிறது. நான் என் பக்கமாக, மேல்நோக்கி இழுத்தேன், துளை கிழிந்தது. நேரலையில் என் மேசையைப் பார்த்தவுடனே சொன்னார்: மடிப்புக்கு இணையாக, தையல் போகிற திசையிலேயே இழுக்க வேண்டும். திசையை மாற்றினேன், அதற்கப்புறம் ஒரு துளையும் கிழியவில்லை.

இடதுகைக்காரர்களுக்கு இந்த வகுப்பில் ஏற்பாடு எதுவும் இல்லை, இதுவே என் பெரிய குறை. எல்லாப் படமும் வலது தோளுக்கு மேலிருந்து எடுத்தவை. மூன்று துளைத் தையல்வரை சமாளித்தேன். காப்டிக்கில் ஊசி எந்தப் பக்கமிருந்து கண்ணிக்குள் நுழைகிறது என்பதே முக்கியம், அங்கே தலைகீழாகக் குழம்பிப்போனேன். கைபேசிக்குப் பக்கத்தில் ஒரு சிறு முகக்கண்ணாடியைச் சாய்த்து வைத்து, பாடத்தைக் கண்ணாடிக்குள் பார்த்தேன். அதில் ஆசிரியை இடதுகைக்காரி ஆகிவிட்டார்! இதை நேரலையில் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் ஊசியைத் தன் இடது கைக்கு மாற்றிக்கொண்டு மூன்று தையல் போட்டுக் காட்டினார். பழகாத கை என்பதால் மிக மெதுவாக, ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தார்: கட்டைவிரல் இங்கே, பாரத்தை இந்த விரலால் பிடி, இப்போது விடு. வலது கையால் அவர் நூறு முறை செய்தபோது கண்ணில் படாத விரல்களெல்லாம் அன்று தெரிந்தன. வலதுகைக்காரர்களும் அதற்கப்புறம்தான் புரிந்தது என்றார்கள்.

எட்டாவது வாரம். அண்ணன் மகளைப் பிடித்து உட்கார வைத்தேன். பன்னிரண்டு வயது, வலதுகைக்காரி. பக்கத்தில் உட்கார வைத்தால் என் கை அவளுக்குத் தலைகீழாகத் தெரியும் என்று பயந்துகொண்டிருந்தேன். மேசையில் இடமில்லாததால் அவளாகவே எதிரே போய் உட்கார்ந்தாள். என் இடது கை அவளுக்கு நேராக, அவளுடைய வலது கைக்கு எதிரே. நான் ஊசியை எடுத்தால் அவளும் அதே பக்கமிருந்து எடுத்தாள். கண்ணாடியே தேவைப்படவில்லை.

நான்காவது பாரத்தில் அவள் கேட்டாள்: “அத்தை, நூலை எவ்வளவு இறுக்கணும்?”

“ரொம்பவும் வேண்டாம், தளர்வாகவும் வேண்டாம்.”

“அது எப்படித் தெரியும்? ஓடப் போறப்ப ஷூ லேஸ் கட்டுற மாதிரியா, வீட்டு வாசல்வரைக்கும் போறதுக்குக் கட்டுற மாதிரியா?”

என்னிடம் பதில் இல்லை. நூலைக் கையில் எடுத்து இழுத்துப் பார்த்தேன். பாரம் கீழே உள்ளதோடு ஒட்டிப் படுக்கிற வரை வருகிறது, அதற்கு மேல் இழுத்தால் துளை நீள ஆரம்பிக்கிறது. நடுவில் ஒரு நூலிழை இடம் இருக்கிறது. “வாசல்வரைக்கும்தான்,” என்றேன். அவள் தலையாட்டிவிட்டு அடுத்த பாரத்தை எடுத்தாள். அவளுடைய ஏழாவது பாரம் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது, அதை அப்படியே விட்டுவிட்டோம். மற்றபடி அது என் முதல் நோட்டைவிட நேராக நிற்கிறது.

இரண்டு மாதமாக என் கை தானாகச் செய்துகொண்டிருந்ததை அந்தக் கேள்வி வந்த பிறகுதான் நான் கவனித்தேன். கடைசி வாரத்தை இப்படி அமைத்தவருக்கு என் மனமார்ந்த நன்றி. வகுப்பின் மிக நல்ல பகுதி அதுதான், பாடமே இல்லாத அந்த வாரம்.

சேரலாமா என்றால், சேரலாம். பெட்டிக்காக அல்ல, நேரலைக்காகவும் அந்த ஆசிரியைக்காகவும். ஒரே ஓர் அழகான நோட்டு செய்து பரிசளித்தால் போதும் என்கிறவருக்கு எட்டு வாரம் நீளம், இரண்டாவது பாடமே போதும். பொறுமையாக உட்காரக் கூடியவர்கள் பெட்டி வந்த அன்றே ஐந்தாவது பாடத்தை முதலில் பாருங்கள். எல்லாப் பாடங்களும் தொடக்கத்திலேயே திறந்திருக்கும், வரிசையாகத்தான் பார்க்க வேண்டும் என்றில்லை. அட்டைகளை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்து, நார் ஓட்டத்தைப் பென்சிலால் அம்புக்குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். துளை போட வி வடிவத் தொட்டில் பெட்டியில் இல்லை. தடித்த புத்தகம் ஒன்றை நடுவில் திறந்து வைத்து, அந்தப் பள்ளத்தில் பாரத்தைக் கிடத்தி, நடுவில் ஒரு துண்டு அட்டை வைத்துக் குத்தினால் வேலை நடக்கும்.

நடத்துகிறவர்களுக்கு இரண்டு கோரிக்கை அனுப்பினேன். நார் ஓட்டப் பாடத்தை முதலில் வையுங்கள், இடதுகைக்காரர்களுக்குப் படத்தைத் திருப்பிய பதிவு ஒன்று கொடுங்கள். முதலாவதை அடுத்த குழுவிலிருந்து செய்வதாகப் பதில் வந்தது. இரண்டாவதற்கு இன்னும் வரவில்லை. முகக்கண்ணாடி என் மேசையிலேயே இருக்கிறது.